நானே கட்டிக் கொடுத்த வண்டி

என் மனைவிக்கு வலது கால் சரியில்லை. மூன்று வயதில் வந்த ஒரு ஜுரத்தில் அந்தக் காலின் பலம் போய்விட்டது. தொடையிலிருந்து பாதம் வரை இரண்டு இரும்புக் கம்பிகளை வைத்துத் தோல் வாரால் கட்டிக்கொண்டு, கையில் ஒரு தடியுடன்தான் நடப்பாள். ஆனால் அவள் பி.ஏ. படித்தவள், டீச்சர் டிரெயினிங்கான எல்.டி.யும் முடித்தவள். தியாகராய நகரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் இண்டர்மீடியட் பெயில். துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில், ஏறுகிற சரக்கையும் இறங்குகிற சரக்கையும் எண்ணி எழுதிக்கொள்கிற குமாஸ்தா.

அவள் என் மாமா பெண். நான் அவளைக் கல்யாணம் செய்துகொண்டபோது மயிலாப்பூரில் இருந்த எங்கள் உறவுக்காரர்கள் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். "இந்த மனசு யாருக்கு வரும்?" என்பார்கள். அவள் பக்கத்தில் இருக்கும்போதே சொல்வார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அது பிடித்திருந்தது. இதை இப்போது எழுதக் கூசுகிறது. ஆனாலும் அந்த வண்டி போன கதையைச் சொல்ல வேண்டுமானால் இதையும் சொல்லியாக வேண்டும்.

முதலில் அவள் ஜட்காவில் போய்வந்து கொண்டிருந்தாள். ஜட்காவில் ஏறுகிற படி உயரத்தில் இருக்கும். தினமும் காலையில் வண்டிக்காரன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து அவளைத் தூக்கி ஏற்ற வேண்டும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அவள் யார் முகத்தையும் பார்க்காமல் குதிரையின் வாலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

யுத்தம் ஆரம்பித்த புதிதில், எங்கள் ஆபீஸில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பிப் போனார். அவரிடம் சைடுகார் வைத்த மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. போகிற அவசரத்தில் சல்லிசாகக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். சைடுகார் என்பது மோட்டார் சைக்கிளின் இடது பக்கத்தில் ஒரு சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் தொட்டி மாதிரியான ஆசனம். அதற்குக் கதவு கிடையாது. விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கி வைத்து உள்ளே இறங்க வேண்டும். என் மனைவியால் அது முடியாது.

ராயப்பேட்டையில் மோட்டார்களுக்குத் தகர வேலை செய்கிற ஒரு பாயிடம் கொண்டு போனேன். அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அம்மா ஒரு தபா வந்து உக்காந்து எந்திரிச்சுக் காட்டணும் சாப். அப்பத்தான் அளவு சரியா வரும்" என்றார். அழைத்துப் போனேன். அவள் உட்கார்ந்து எழுந்து காட்டினாள். பாய் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டார். பத்து நாளில், அந்தத் தகரத்தில் ஒரு கதவை வெட்டிக் கீல் வைத்து, கீழே ஒரு தாழ்வான படி வைத்து, பிடித்துக்கொள்ள உள்ளே ஒரு தோல் வாரும் தைத்துக் கொடுத்தார். அப்படி ஒரு கதவை நான் வேறு எந்த சைடுகாரிலும் பார்த்ததில்லை.

யார் கையும் இல்லாமல் அவள் தானே ஏறினாள். தடியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். "போலாம்" என்றாள்.

சைடுகார் வண்டியை ஓட்டுவது தனி வித்தை. இரண்டு சக்கர வண்டி ஓட்டத் தெரிந்தவனுக்கு அது வராது. சாய்ந்து திருப்ப முடியாது, கையால் இழுத்துத்தான் திருப்ப வேண்டும். சைடுகார் காலியாக இருந்தால், இடது பக்கம் திரும்பும்போது அது தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும். அதனால் அவள் இல்லாத நேரத்தில் ஒரு மணல் மூட்டையைப் போட்டுக்கொண்டு ஓட்டுவேன். அவள் உட்கார்ந்துவிட்டால் வண்டி ரதம் மாதிரி போகும்.

காலையில் லஸ் வழியாக ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை தாண்டித் தியாகராய நகர். பள்ளிக்கூடத்து மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, நான் மாம்பலம் ஸ்டேஷனுக்கு நடந்து போய் மின்சார ரயிலில் துறைமுகத்துக்குப் பக்கத்து பீச் ஸ்டேஷனுக்குப் போவேன். சாயங்காலம் அதே மாதிரி திரும்பி வருவேன். அவள் மரத்தடியில் நாலு பெண்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தபடி காத்திருப்பாள். திரும்பும்போது, ரோடு காலியாக இருந்தால், "கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்" என்பாள். காற்றில் தலைமயிர் கலைந்து முகத்தில் விழும், ஒதுக்கிக்கொள்ள மாட்டாள். கல்யாணமாகி அவ்வளவு நாளில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். வேகமாகப் போகச் சொல்லிக் கேட்டாள். நான் பெட்ரோலை நினைத்துக்கொண்டு மெதுவாகத்தான் போவேன்.

பெட்ரோலுக்குக் கூப்பன் வந்துவிட்டிருந்தது. எனக்குக் கிடைத்தது மாதத்தில் பாதி நாளைக்குக்கூடப் போதவில்லை. மீதி நாளில் கைரிக்ஷா. கூடுதல் பெட்ரோல் வேண்டும் என்று ஒரு மனுப் போட்டேன். மனைவியின் கால் நிலையை எழுதி டாக்டர் சர்டிபிகேட் வைத்தேன். மனுவோடு ஒரு பாரமும் பூர்த்தி செய்ய வேண்டியிருந்தது. வண்டி எந்த வருஷத்தியது, எத்தனை குதிரைச் சக்தி, டயர் எப்படி, இஞ்சின் எப்படி என்றெல்லாம் கேட்டிருந்தது. அந்த வண்டியை நான் தினமும் துடைப்பேன், ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணெய் போடுவேன். ஒவ்வொரு கேள்விக்கும் "எக்ஸலண்ட்" என்று எழுதினேன். டயர் புதுசு என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

அவள் அதை வாங்கிப் படித்துப் பார்த்தாள். "இவ்வளவு ஏன் எழுதணும்? பெட்ரோல்தானே கேக்கறோம்?" என்றாள்.

"உள்ளதைத்தானே எழுதறேன்" என்றேன்.

அது நாற்பத்திரண்டாம் வருஷம். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சித்திரையில் பாதி மயிலாப்பூர் காலியாகி, ஆடி ஆவணியில் ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பி வந்துவிட்டிருந்தது. ஐப்பசி மழையும் முடிகிற சமயத்தில் எனக்குச் சர்க்கார் கடிதம் வந்தது. கூடுதல் பெட்ரோல்தான் என்று நினைத்துக்கொண்டு உறையைக் கிழித்தேன். யுத்த காரியங்களுக்காக என் வண்டியைச் சர்க்கார் எடுத்துக்கொள்கிறது என்றும், வியாழக்கிழமை காலையில் வீட்டு வாசலில் தயாராக வைத்திருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அது செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, கடிதம் அனுப்பிய அந்த ஆபீஸுக்குப் போனேன். பெஞ்சில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒருவர் என் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். மனைவியின் காலைப் பற்றிச் சொன்னேன். "எல்லார் வீட்டிலும் ஒரு கஷ்டம் இருக்கிறது மிஸ்டர். பட்டாளத்துக்காரனுக்கும் வீடு இருக்கிறது" என்றார். பெட்ரோலுக்காக நான் எழுதிக் கொடுத்த அந்த பாரத்தை எடுத்து என் கையெழுத்தைக் காட்டினார். "இவ்வளவு நல்ல நிலையில் இருக்கிற சைடுகார் வண்டி மெட்ராஸில் அதிகம் இல்லை" என்றார். பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

இரவு சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். அவள் மோர்ச்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "யாரையாவது பெரிய மனுஷாளைப் பார்த்துச் சொல்லக் கூடாதா?" என்றாள். எனக்கு அப்படி யாரையும் தெரியாது. தெரிந்த இரண்டொருவரிடமும் போய்க் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. "பார்க்கலாம்" என்றேன். பார்க்கிறதற்கு மறுநாள் காலைக்குள் நேரம் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தார்கள். ஒரு லாரி, அதன் பின்னால் கட்டி இழுத்த ட்ரெயிலர். இரண்டு சக்கரம் வைத்த பலகைத் தட்டு அது. பக்கங்களில் கயிறு மாட்ட இரும்பு வளையங்கள். லாரி டிரைவரும் மூன்று ஆட்களும் இருந்தார்கள். டிரைவருக்குப் பக்கத்திலிருந்து கையில் பைலோடு ஒரு ஆபீசர் இறங்கினார். தமிழர்தான். காக்கி அரை நிஜார், தலையில் தொப்பி. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களைக் காட்டினார். போட்டேன். சாவியைக் கொடுத்தேன்.

அந்த ஆட்கள் ட்ரெயிலருக்குப் பலகையைச் சாய்த்து வைப்பதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இவர்களுக்கு இந்த வேலை பழக்கமில்லை என்று. "இதை எதுக்கு ஏத்தணும்? எங்கே கொண்டு போகணும்னு சொல்லுங்கோ, நானே ஓட்டிண்டு வந்து விட்டுடறேன்" என்றேன்.

"பரங்கிமலை டிப்போவுக்குப் போகிறது. நீங்கள் ஓட்ட முடியாது. கையெழுத்துப் போட்டாச்சு இல்லையா? இனிமேல் அது சர்க்கார் வண்டி. நீங்கள் தொடக்கூடாது" என்றார் ஆபீசர்.

மூன்று பேரும் மூச்சைப் பிடித்துத் தள்ளி மேலே ஏற்றினார்கள். பிறகு ஒரு தென்னங்கயிற்றை எடுத்து ஹாண்டில் பாரில் ஒரு சுற்று, பெட்ரோல் டாங்கியின் மேல் ஒரு சுற்று, சைடுகாரின் கதவுக்கு மேலே ஒரு சுற்று என்று மூட்டையைக் கட்டுவது போலக் கட்டினார்கள். ஹாண்டிலில் கட்டினால் வண்டி அசையும்போது ஹாண்டில் திரும்பும், திரும்பினால் கயிறு தொய்ந்துவிடும். சக்கரங்களுக்கு முட்டுக்கூடக் கொடுக்கவில்லை. தொடக்கூடாது என்றவரிடம் இதை எப்படிச் சொல்வது?

லாரி புறப்பட்டது. இரண்டு கஜம் போயிருக்காது. ஒரு பள்ளத்தில் ட்ரெயிலர் இறங்கி ஏறியது. வண்டி பின்னால் ஓடி வந்து, சைடுகாரின் வால் பக்கம் ட்ரெயிலரின் விளிம்பில் போய் மோதியது. தகரம் நசுங்குகிற சத்தம் கேட்டது. கூட்டம் "அய்யோ" என்றது. எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் வாசலுக்கு வந்து நின்றுகொண்டிருந்தது.

"நிறுத்துங்கோ, நிறுத்துங்கோ!" என்று நான் ஓடினேன்.

டிரைவர் இறங்கி வந்து தலையைச் சொறிந்தார். "இன்னா அய்ரே இது, மூணு சக்கரம் வெச்சிகினு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது?"

"இப்படிக் கட்டினா நிக்காது. அடுத்த முக்குத் திரும்பறதுக்குள்ள கீழே கிடக்கும்" என்றேன்.

ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அன்று இன்னும் நாலு இடத்துக்குப் போக வேண்டுமாம். "உங்களுக்குக் கட்டத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும். துறைமுகத்தில் பதினோரு வருஷம் நின்று பார்த்தவன் நான். கப்பல் மேல்தட்டில் மோட்டார்கார்களைக் கப்பல் கூலிகளான கலாசிகள் கட்டுவதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். எவ்வளவு பெரிய அலை அடித்தாலும் அந்தக் கார்கள் ஒரு அங்குலம் நகராது.

"தெரியும்" என்றேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ட்ரெயிலரில் ஏறினேன். கொஞ்ச நேரம் முன்னால் தொடக்கூடாது என்றவர் நகர்ந்து வழி விட்டார்.

அவர்கள் போட்ட கட்டு எல்லாவற்றையும் அவிழ்த்தேன். வண்டியைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, பாரம் ட்ரெயிலரின் அச்சுக்கு நேராக வரும்படி நிறுத்தச் சொன்னேன். கியரில் போட்டேன். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக் கொடுக்கக் கட்டை வேண்டும். அவர்களிடம் இல்லை. எங்கள் சமையலறையில் போய் ஆறு விறகுக் கட்டைகளை எடுத்து வந்தேன். விறகுக்குத் திண்டாடுகிற காலம் அது. ஆணி கேட்டு வாங்கி, கட்டைகள் நகராதபடி பலகையோடு சேர்த்து அடித்தேன்.

கயிறு டாங்கியிலும் கதவிலும் உராயும் இடத்தில் துணி வைக்காவிட்டால் பெயிண்ட் போய்விடும். மறுபடி உள்ளே போனேன். அவள் கூடத்து ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற புடவையைக் கட்டிக்கொண்டிருந்தாள். காலில் இரும்புச் சட்டத்தையும் மாட்டியிருந்தாள். ஏன் அன்றைக்குப் போகத் தயாராக இருந்தாள் என்று நான் கேட்கவில்லை.

"பழைய துணி ஏதாவது இருக்கா?" என்றேன்.

"எதுக்கு?"

"கயிறு பட்டா பெயிண்ட் உரிஞ்சுடும்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி மூலையில் இருந்த பெட்டியைக் காட்டினாள். நீலத்தில் கட்டம் போட்ட ஒரு பழைய நூல் புடவை மேலாக இருந்தது. எடுத்து நாலாகக் கிழித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

ஹாண்டிலை விட்டுவிட்டு, முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிற கம்பிகள் மேலே சேருகிற இடத்தில் கயிற்றைக் கொடுத்து இரண்டு பக்கமும் கோணலாக முன்வளையங்களுக்கு இழுத்தேன். அதற்கு முன் ஒரு ஆளை ஹாண்டில் மேல் படுத்து அழுத்தச் சொன்னேன். முன்பக்கத்து ஸ்பிரிங் அமுங்கியிருக்கும்போது கட்டினால்தான் பிறகு குலுங்கினாலும் கயிறு விறைப்பாக இருக்கும். பின்னால், ஸீட்டுக்குக் கீழே இருக்கிற சட்டத்தில் கட்டி அதே மாதிரி இரண்டு பக்கம். சைடுகாருக்குத் தகரத்தில் எதுவும் கட்டாமல் அடியில் இருக்கிற இரும்புச் சட்டத்தில் கட்டினேன். ஒவ்வொரு கயிற்றிலும் நடுவில் ஒரு கண்ணி வைத்து, நுனியை வளையத்தில் விட்டு எடுத்து அந்தக் கண்ணிக்குள் கொடுத்துக் காலை உதைத்துக்கொண்டு இழுத்தேன். அப்படி இழுத்தால் ஒரு ஆள் மூன்று ஆள் பலத்துக்கு இழுக்கலாம். கயிறு தம்பூராத் தந்தி மாதிரி நின்றது. விரலால் தட்டிப் பார்த்தேன்.

"தென்னங்கயிறு முதல்ல கொஞ்சம் இளகும். சைதாப்பேட்டைப் பாலம் தாண்டினதும் ஒரு தடவை நிறுத்தி இறுக்கிக்கோ" என்று டிரைவரிடம் சொன்னேன்.

ஆபீசர் ட்ரெயிலரின் மேல் கையை வைத்து வண்டியை அசைத்துப் பார்த்தார். ட்ரெயிலர் அசைந்தது, லாரி அசைந்தது, வண்டி ட்ரெயிலரோடு ஒன்றாக நின்றது.

"பலே! நீங்கள் பட்டாளத்தில் டிரான்ஸ்போர்ட்டில் இருக்க வேண்டியவர் மிஸ்டர்" என்றார் உரக்க. எதிர்வீட்டுக்காரர், "நம்மாத்து மாமா கை பட்டா சும்மாவா?" என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கையில் இருந்த நாரைத் தட்டிவிட்டுக்கொண்டு, அந்தச் சிரிப்போடேயே திரும்பினேன். ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் அவள் முகம் தெரிந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாரி போய்விட்டது. உள்ளே வந்தேன். காலின் இரும்புச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தோல் வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சுற்றி வைத்தாள்.

"ரிக்ஷாக்காரனை வரச்சொல்லட்டுமா? இப்போ போனாக்கூட மத்தியான கிளாஸுக்குப் போயிடலாம்" என்றேன்.

"வேண்டாம்."

"நான் என்ன பண்றது? சர்க்கார் உத்தரவு. கட்டாம விட்டிருந்தா கீழே விழுந்து நொறுங்கிப் போயிருக்கும்."

"விழுந்தா விழுந்துட்டுப் போறது. இனிமே அது யார் வண்டி?"

கடைசி வாரையும் சுற்றி வைத்துவிட்டு அவளே சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "சிரிச்சேளே."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை அவள் ஒரு தடவைகூடத் திருப்பிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தி, அது தீர்ந்துபோயிருக்குமோ என்னவோ.

நாலு மாதம் ரிக்ஷாவில் போய்வந்தாள். மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகருக்கு மனிதன் இழுத்துப் போகிற தூரமா அது? ஒரு ரிக்ஷாக்காரன் பத்து நாளில் நின்றுவிட்டான், இன்னொருவன் ஒரு மாதம் வந்தான். வராத நாளில் அவள் சட்டத்தை மாட்டிக்கொண்டு பதினோரு மணி வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கழற்றி வைப்பாள். ஒரு நாள் தேனாம்பேட்டைக்குப் பக்கத்தில் ரிக்ஷாவின் சக்கரம் கழன்று கீழே விழுந்தாள். பலமான அடி இல்லை. ஆனால் ரோட்டில் விழுந்தவளைத் தூக்க நாலு ஆண்கள் வந்து நாலு பக்கமும் பிடித்தார்கள். அன்று சாயங்காலம் ராஜிநாமாக் கடிதம் எழுதி, தபாலில் போடும்படி என்னிடம் கொடுத்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் பதில் எழுதினாள், நேரிலும் வந்து பார்த்தாள். ஆனால் என் மனைவி மனசை மாற்றிக்கொள்ளவில்லை.

வண்டிக்கு நஷ்டஈடாக ஏதோ வந்தது. அவளுக்கு ஒரு நல்ல சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டேன். அதில் அவள் உட்காரவே இல்லை.

யுத்தம் முடிந்த மறுவருஷம். எங்கள் ஆபீஸ் காஷியர் உடம்பு சரியில்லாமல் அடையாற்றில் தன் பெண் வீட்டில் இருந்தார். அவரைப் பார்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ்ஸுக்காக நடந்து வந்துகொண்டிருந்தேன். பெரிய பெரிய தோட்டங்களோடு பங்களாக்கள் இருக்கிற ரோடு அது. ஒரு பங்களாவின் கேட் திறந்திருந்தது. உள்ளே ஷெட்டுக்கு முன்னால் என் வண்டி நின்றுகொண்டிருந்தது.

பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஆனால் பாய் வெட்டிய கதவு அப்படியே இருந்தது, தாழ்வான படியும் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரிய சீமை நாய் வந்து அந்தப் படியில் காலை வைத்து ஏறி, கதவு வழியாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

கேட்டுக்குப் பக்கத்தில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஊரூர்க் குப்பத்துக்காரர், மீன் பிடிப்பதை விட்டுவிட்டு இங்கே வேலைக்கு வந்தவராம். பங்களா யாருடையது என்று கேட்டேன். பட்டாளத்துக்கு மரமும் மூங்கிலும் சப்ளை செய்த கண்டிராக்டருடையது என்றார்.

"இந்த மோட்டார் சைக்கிள் எப்போ வந்தது?"

"அதுவா சார்? அது வந்து மூணு வருசத்துக்கு மேல ஆவுது. யுத்தம் நடந்துகினு இருக்க சொல்லவே வந்துடுச்சி. லாரி பின்னால ட்ரெயிலர்ல வெச்சி இஸ்துகினு வந்தாங்கோ." அவருக்கு அது ஞாபகம் வந்து சிரித்தார். "இன்னா கட்டு கட்டிகீறான் தெர்மா சார் எவனோ! நானும் கட்டுமரம் கட்டினவன்தான், எனக்கே அவுக்க வர்ல. கத்திய எடுத்தாந்து அறுத்தேன். அடுப்பு வெறகை வெச்சி முட்டுக் குட்த்துகீறான். பொம்பளப் பொடவையக் கீசி கயிறுக்குக் கீழே சுத்திகீறான். ரொம்ப ஆசையா வெச்சிகினு இருந்தவன் போலகீது."

பரங்கிமலைக்கும் போகவில்லை, பட்டாளத்துக்கும் போகவில்லை. அன்றைக்கே நேராக இங்கேதான் வந்திருக்கிறது. நான் போட்ட கட்டு கலையாமல் வந்திருக்கிறது.

பேச்சுக்குரல் கேட்டு, முண்டு பனியனோடு பங்களாக்காரரே வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும், நல்ல சிவப்பு. "யாரு? என்ன வேணும்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

அந்த இடத்தில் நான் என்னவெல்லாம் சொல்லியிருக்கலாம் என்று இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குச் சொன்னது இதுதான்: "ஒண்ணுமில்லே சார். போற வழியிலே பார்த்தேன். வண்டி ரொம்ப நன்னா இருக்கு."

அவருக்குச் சந்தோஷம். "டிப்போவில் ஏலம் போட்டார்கள். எடுத்தேன். என்ன கண்டிஷன் பார்த்தீர்களா? யாரோ பத்திரமாக வைத்திருந்திருக்கிறான்" என்றார். பொய் என்று எனக்குத் தெரியும். தோட்டக்காரர் கீழே பார்த்துக்கொண்டு தண்ணீர் விட்டார். நான் தலையை ஆட்டினேன். "உள்ளே வாருங்களேன், ஒரு காபி சாப்பிடலாம்" என்றார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்குப் போனதும் அவளிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்த ஆபீசர் எப்பேர்ப்பட்ட திருடன் என்று தெரிந்தால் அவள் கோபம் அந்தப் பக்கம் திரும்பும், எனக்குக் கொஞ்சம் பாரம் குறையும் என்று நினைத்தேன். நாய் ஏறி உட்கார்ந்ததையும், புடவையைக் கிழித்துச் சுற்றியிருந்ததைத் தோட்டக்காரர் சொன்னதையும்கூட விடாமல் சொன்னேன்.

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

"நீங்க என்ன சொன்னேள்?"

மறைக்காமல் சொன்னேன். வண்டி நன்றாக இருக்கிறது என்று சொன்னதையும் சொன்னேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "நாய் ஏறறதுக்குக் கதவு சௌகரியமா இருக்கா?" என்று கேட்டாள்.

அந்த வாரமே சர்க்காருக்குப் புகார் மனு ஒன்று எழுதினேன், நாலு பக்கம். அனுப்புவதற்கு முன்னால் அவளிடம் காட்டினேன். இங்கிலீஷ் எனக்கு அவ்வளவு வராது. சிவப்புப் பென்சிலை எடுத்து இலக்கணத் தப்புகளை மட்டும் திருத்திக் கொடுத்தாள். இரண்டு தடவை அனுப்பினேன். முதல் தடவை பதில் இல்லை. இரண்டாவது தடவை, சுதந்திரம் வந்த பிறகு, அந்த ஆபீஸ் இப்போது இல்லை, அதன் காகிதங்கள் எங்கே என்று தெரியவில்லை என்று பதில் வந்தது. பங்களாக்காரரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைப்பேன். போகவில்லை. அடையாறு பக்கம் வேலை வந்தாலும் வேறு யாரையாவது அனுப்பிவிடுவேன்.

நாற்பத்தொன்பதில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் புதிதாக ஆரம்பித்தார்கள். கணக்குக்கு டீச்சர் கிடைக்காமல், எங்கேயோ விசாரித்துக்கொண்டு ஹெட்மிஸ்ட்ரஸே வீட்டுக்கு வந்தாள். என் மனைவியின் பழைய மாணவி ஒருத்தியும் கூட வந்திருந்தாள். "கீழ்த்தளத்திலேயே கிளாஸ் வெச்சுக்கலாம் டீச்சர். ரிக்ஷாகூட வேண்டாம், பத்து நிமிஷ நடைதான்" என்றாள் அந்தப் பெண்.

என் மனைவி இருவருக்கும் காபி கொடுக்கச் சொன்னாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி எல்லாம் விசாரித்தாள். எந்தப் பாடப்புத்தகம், ஒரு வகுப்பில் எத்தனை பெண்கள் என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்து, சரி என்று சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன். கடைசியில், "இல்லம்மா, எனக்கு முடியாது" என்றாள்.

அவர்கள் போன பிறகு நான் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தேன். ஏன் வேண்டாம் என்றாய் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால், அன்று சொன்ன அந்த "சிரிச்சேளே"யை மறுபடி சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது. காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.